எங்கேயிருந்து எடுத்தது?

மனிதர்களில் ஊர்கேட்கி என்றோர் இனம் இருக்கிறது. மலாக்கா வட்டாரத்தில் அதற்கு உரமே வேண்டாம், தானாக விளையும். கல்யாண மண்டபத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்க்காமல், சட்டையைப் பார்க்காமல், நீங்கள் சிரிக்கிறீர்களா அழுகிறீர்களா என்றுகூடக் கவனிக்காமல், இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்பவர் எவரோ, அவரே ஊர்கேட்கி. துக்க வீட்டிலும் கேட்பார். பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்பார். பதில் கிடைத்த பிறகுதான் அவருடைய கண் திறக்கும். மெர்லிமாவ் பக்கம் என்றீர்களானால் உங்கள் தாடையில் ஒரு பிடிவாதம் தெரியும். கோலா சுங்கை பாரு என்றால் அதே தாடையில் கடற்காற்று வீசும். உம்பாய் என்றால் உங்களுக்கு நல்ல மீன் பார்த்து வாங்கத் தெரியும் என்று முடிவாகிவிடும். நீங்கள் சுத்த சைவமா? அது உங்கள் குற்றம், அவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறவர்களும் உண்டு. பிறந்த ரப்பர் தோட்டத்தைக் கேட்டு, அதிலிருந்து குடியிருந்த லயத்து வீட்டு வரிசையைக் கேட்டு, அதிலிருந்து இன்னொன்றைத் தெரிந்துகொண்டு, தண்ணீர் தரும் டம்ளரை மாற்றுகிறவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. நம்முடைய காளிதாஸ் அந்த ரகமில்லை. அவருக்குத் தோட்டத்தின் பெயர் போதும். அதை வைத்துக்கொண்டே ஒரு மனிதரின் குணம், சமையல், கடன் கொடுக்கும் மனம், மருமகளை நடத்தும் விதம் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தார் கஞ்சர்கள். ஆத்தோரத் தோட்டத்தார் அமைதியானவர்கள். செம்மேட்டுத் தோட்டத்தாருக்கு முன்கோபம். இது காளிதாஸின் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. ஒருமுறை ஏழாங்கட்டைக்காரர் ஒருவர் காளிதாஸின் வீட்டு வாசலில் ஒரு கூடை டுரியானை இறக்கிவைத்து, காசு வாங்க மறுத்துவிட்டுப் போனார். தீர்ப்பு ஆட்டம் கண்டது என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு நாள் விசாரித்துவிட்டு, "அவரு அம்மா வழி ஆத்தோரம்லா, அதான்" என்று சொல்லிவிட்டு டுரியானைப் பிளந்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சுங்கச் சாவடியிலோ பதிவு அலுவலகத்திலோ வேலை கிடைத்திருந்தால் ஊருக்கு ஆபத்தில்லை. அவருக்குக் கிடைத்ததோ ஆராய்ச்சிக்கூடத்தில். மலாக்கா பட்டணத்துக்கு வெளியே, ரம்புத்தான் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் மூத்த உதவியாளர். இந்தக் கதை நடந்த தொண்ணூற்று நான்காம் ஆண்டில் அவருக்கு வயது ஐம்பத்தொன்று, உத்தியோகத்துக்கு வயது இருபத்திரண்டு. தினமும் காலையில் மெர்லிமாவிலிருந்து கப்சாய் மோட்டார் சைக்கிளில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றுவார், மைக்ராஸ்கோப்பைத் துடைப்பார்.

அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். உடம்பில் மேக்ரோஃபேஜ் என்று ஒரு வகைச் செல் இருக்கிறது. கிருமி, தூசி, செத்துப்போன செல், எது எதிர்ப்பட்டாலும் விழுங்குவது அதன் உத்தியோகம். நுரையீரலில் ஒரு கூட்டம், வயிற்றறையில் ஒரு கூட்டம், கல்லீரலில் ஒரு கூட்டம் என்று இடத்துக்கு இடம் குடியிருக்கும். கண்ணாடி ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும். ஆனால் அவற்றின் மேல்தோலில் சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அந்தச் சர்க்கரை கூட்டத்துக்குக் கூட்டம் மாறலாம். மாறுகிறதா என்று பார்க்க லெக்டின் என்று ஒரு பொருள். நிலக்கடலையிலிருந்து ஒன்று, சோயாவிலிருந்து ஒன்று, கோதுமை முளையிலிருந்து ஒன்று என்று எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த சர்க்கரையைக் கண்டால்தான் போய் ஒட்டும். ஒட்டிய இடம் பழுப்பாகும்படி ஒரு மருந்தையும் சேர்த்துவிட்டால், எந்தச் செல்லில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். சொல்வதற்கு ஒரு நல்ல கண் வேண்டும். அந்தக் கண் காளிதாஸுடையது என்பது இருபத்திரண்டு வருஷ நம்பிக்கை.

அவரிடம் ஓர் அளவுகோலும் இருந்தது. நிறமே இல்லையென்றால் பச்சைத் தண்ணீர், பூஜ்யம். லேசாக இருந்தால் பால் டீ, ஒன்று. பால் ஊற்றாத டீ நிறம் என்றால் தே ஓ, இரண்டு. கருத்துப்போய் இருந்தால் கோப்பி ஓ, மூன்று. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களே இதை ஏற்றுக்கொண்டு, அறிக்கையில் மட்டும் கௌரவத்துக்காகப் பிளஸ் குறி போட்டுக்கொண்டார்கள்.

ஸ்லைடு படிப்பதற்கு முன் அவர் செய்யும் சடங்கைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைப்பார். கைக்குட்டையால் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைப்பார். நாற்காலியை முன்னே ஒரு இழு, பின்னே ஒரு தள்ளு. பிறகு குனியாமல், தலையை நிமிர்த்தி, கேட்பார்.

"எங்கேயிருந்து எடுத்ததும்மா?"

"லங், அங்கிள்" என்பாள் அகல்யா.

"லங்கா? அப்ப நல்லாப் பிடிச்சிருக்கும் பாரு."

இதைச் சொன்ன பிறகுதான் குனிவார். பிடித்திருக்கும். "கோப்பி ஓ" என்பார். அடுத்த ஸ்லைடு வயிற்றிலிருந்து எடுத்தது என்று தெரிந்ததும், "வயித்துல இருக்கறது கொஞ்சம் மந்தம்தான்" என்றபடி குனிவார். பால் டீ.

அகல்யா முதுநிலை ஆய்வுக்காக வந்திருந்த பெண், இருபத்தைந்து வயது. எலிகளின் நுரையீரலிலிருந்தும் வயிற்றறையிலிருந்தும் மேக்ரோஃபேஜ்களைக் கழுவி எடுத்து, லெக்டின் ஒட்டுவதில் அவற்றுக்குள் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய ஆய்வு. எடுப்பது, சாயம் ஏற்றுவது எல்லாம் அவள், படிப்பது காளிதாஸ். வந்த முதல் நாளே அவளிடமும் அவர் கேட்டிருந்தார்.

"எந்தத் தோட்டம்மா நீ?"

"தோட்டம் இல்ல அங்கிள், டவுன்."

"டவுனுக்கு முன்னாடி?"

"ஆஸ்பத்திரி. அங்கதான் பொறந்தேன்."

அன்றைக்கு மத்தியானம் காளிதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பட்டணத்துப் பெண்கள் துடுக்கானவர்கள் என்று புதிதாக ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு சமாதானமானார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருவருக்கும் நல்ல ஒத்துப்போக்கு. அவள் கேள்விக்குப் பதில் சொன்னாள், அவர் நிறம் சொன்னார், அட்டவணைகள் அழகு அழகாக வந்தன. நுரையீரல் எல்லாம் கருமை, வயிறு எல்லாம் வெளுப்பு. கடலை லெக்டினிலும் அப்படியே, கோதுமை லெக்டினிலும் அப்படியே. இவ்வளவு சுத்தமான வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை என்று அவளுடைய பேராசிரியர் எழுதினார். பிறகு அவருக்கே அந்தச் சுத்தம் உறுத்தியிருக்க வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கப் பதினொரு நாள் இருக்கும்போது இன்னொரு கடிதம் வந்தது. நாற்பது புதிய ஸ்லைடுகளை, எங்கேயிருந்து எடுத்தது என்று படிக்கிறவருக்குத் தெரியாமல் மறைத்துப் படித்து அனுப்பவும்.

காளிதாஸ் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

"எனக்கே பரீட்சையா?"

"உங்களுக்கு இல்ல அங்கிள், ஸ்லைடுக்கு" என்றாள் அகல்யா.

ஆனால் அவளுக்கு அவருடைய சாமர்த்தியம் தெரியும். ஒரு மனிதர் தன் தோட்டத்தைச் சொல்ல மறுத்தால், உங்க குலதெய்வத்துக்குப் பூசை எந்த மாசம், அப்பா வேலை செய்தபோது தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி யார் என்று சுற்றி வளைத்துப் பிடித்துவிடுகிறவர். ஆகையால் இருபது நுரையீரல் ஸ்லைடுகளையும் இருபது வயிற்று ஸ்லைடுகளையும் கேண்டீனுக்கு எடுத்துப்போனாள். அங்கே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த பெரியநாயகி அக்காவைக் கைகழுவச் சொல்லி, காலி மைலோ டின்னில் ஒன்று முதல் நாற்பது வரை சீட்டு மடித்துப் போட்டுக் குலுக்கி, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு சீட்டு எடுக்கச் சொன்னாள். வந்த நம்பரை ஸ்லைடில் எழுதி, பழைய எழுத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். எது எது என்ற பட்டியலை உறையில் போட்டு அக்காவிடமே கொடுத்துவிட்டாள். காளிதாஸுக்கு இந்தச் சீட்டுக் குலுக்கல் தெரியாது.

மறுநாள் காலை அவர் முதல் ஸ்லைடை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், இழுத்தார், தள்ளினார். வாய் தானாகத் திறந்தது. பிளாஸ்திரியைப் பார்த்து மூடிக்கொண்டார். குனிந்தார்.

பழுப்பு தெரிந்தது. எவ்வளவு பழுப்பு? தே ஓ மாதிரி இருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பால் டீ. இன்னும் உற்றுப் பார்த்தால், அந்த ஓரத்தில் இருப்பது கோப்பி ஓ இல்லையா? இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஸ்லைடும் அவரிடம் இப்படி வழவழ கொழகொழவென்று பேசியதில்லை. கேட்டால் ஒரே பதில் சொல்லும், அவ்வளவுதான். காளிதாஸுக்கு வியர்த்தது. அவர் பயந்துவிட்டார், அதை மறைப்பானேன்? ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிளாஸ்திரிக்குள் ஊடுருவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இது எடுக்க ரொம்பக் கஷ்டப்பட்டியாம்மா?" என்று அடுத்த மேசைக்குக் குரல் கொடுத்தார்.

"அங்கிள்..."

"சும்மாக் கேட்டேன்லா."

பிறகுதான் அவருடைய பழைய சாமர்த்தியம் கைகொடுத்தது. அகல்யா ஒழுங்கான பெண். எலியைத் திறந்தால் முதலில் நெஞ்சைக் கழுவுவாள், அப்புறம் வயிற்றை. நோட்டுப் புத்தகத்திலும் அதே வரிசையில்தான் எழுதுவாள். நம்பரையும் அப்படித்தானே போட்டிருப்பாள்? ஆக, ஒன்று நுரையீரல், இரண்டு வயிறு, மூன்று நுரையீரல், நான்கு வயிறு. அப்பாடா! மறுபடி குனிந்தபோது முதலாம் நம்பர் ஸ்லைடு கோப்பி ஓவாக அவர் முன் கைகட்டி நின்றது. இரண்டாம் நம்பர் பால் டீ. மூன்றாம் நம்பரில் ஒரு நொடி சந்தேகம் வந்தது, ஒற்றைப்படை என்று நினைவு வந்ததும் ஓடிப்போனது. வழக்கமாக ஒன்றரை நாள் பிடிக்கும் வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பேப்பரை நீட்டியபோது அவர் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அகல்யா கேண்டீனில் உறையைப் பிரித்து ஒப்பிட்டாள். காளிதாஸ் பாராட்டை வாங்கிக்கொள்ள ஒரு கறிபஃப்போடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்னா வந்துச்சு?"

"ஒண்ணும் வரல அங்கிள்."

"வரலன்னா?"

"லங்ல பதினொண்ணு கறுப்பு, வயித்துல ஒம்போது கறுப்பு. டிஃபரன்ஸே இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

"அது எப்படி? நீ வரிசையாத்தானே நம்பர் போட்ட?"

"வரிசையாப் போட்டா நீங்க கண்டுபிடிச்சிற மாட்டீங்களா? அக்காதான் மைலோ டின்ல சீட்டு எடுத்தாங்க."

பெரியநாயகி அக்கா கல்லாவுக்குப் பின்னாலிருந்து பெருமையாகக் கையை ஆட்டினார். காளிதாஸின் வாயில் கறிபஃப் அப்படியே நின்றது.

அகல்யா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான்தான் ஸ்டெயின் பண்றதுல எங்கயோ கோட்டை விட்டுட்டேன். ரெண்டு வருஷமும் தப்பாவே பண்ணியிருக்கேன் போல" என்றாள். மாதக் கடைசியோடு உதவித்தொகை முடிகிறது, தவணை கேட்டாலும் தரமாட்டார்கள், பேராசிரியருக்கு எழுதிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான், தற்காலிக வாத்தியார் வேலை ஏதாவது இருக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியாக ஒன்று சொன்னாள்.

"உங்க கண்ணு பொய் சொல்லாது அங்கிள். அது வரைக்கும் எனக்குத் தெரியும்."

காளிதாஸ் அன்று வீட்டுக்குச் சீக்கிரம் போனார். அவர் மனைவி பவானேஸ்வரி பின்கட்டில் மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அப்ப நீங்க ஸ்லைடைப் பார்க்காமலே சொல்லிட்டீங்க" என்றாள் அவள்.

"பார்த்தேன்லா. ஒண்ணும் புரியல."

"எப்படிப் புரியும்? என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப என்னா செஞ்சீங்க? எங்கப்பாகிட்ட எந்தத் தோட்டம்னு கேட்டீங்க. ஆத்தோரம்னாரு. அப்பப் பொண்ணு அமைதியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டு லட்டைத் தின்னுட்டுப் போயிட்டீங்க. அடுத்த வாரம் மெர்லிமாவ் பாசார்ல உங்களுக்கு முன்னாடி நின்னு பாகற்காய் வாங்கறேன். கொஞ்சம் தள்ளிக்குங்க அக்கான்னீங்க."

"அது கூட்டத்துல..."

"நான் அமைதியா? இருபத்தாறு வருஷமாக் கத்திக்கிட்டு இருக்கேன். பக்கத்து வீட்டு நாய்கூட என் குரலுக்குப் பயந்து கம்போங் பக்கம் ஓடிப்போச்சு. நீங்க இன்னும் என் பொண்டாட்டி ஆத்தோரம், பரம சாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க."

காளிதாஸ் மனைவியைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை, இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. அந்தத் தழும்பு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லிருங்க. உங்க பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது. அது படிப்பு போயிடும்" என்றாள் பவானேஸ்வரி, சத்தமே இல்லாமல்.

இருபத்திரண்டு வருஷப் பெயரை ஒரு மனிதர் எப்படித் தானே உடைப்பார்? ஹெல்மெட்டைக் கழற்றாமல் உடைப்பார். மறுநாள் காலை ஹெல்மெட்டோடு நேரே அகல்யாவின் மேசைக்குப் போய் நின்றார் காளிதாஸ். அவள் பேராசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எழுதாதேம்மா. ஸ்டெயின் நல்லாத்தான் இருக்கு. நான் பார்க்கல."

"என்னா பார்க்கல?"

"ஸ்லைடைப் பார்க்கல. குனிஞ்சேன். ஆனா நம்பரைத்தான் படிச்சேன். ஒத்தைப்படை லங், ரெட்டைப்படை வயிறுன்னு நானா நெனச்சிக்கிட்டேன்."

அகல்யா பேனாவை மூடினாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவள் யோசித்தாள், அது அதைவிட மோசமாக இருந்தது.

"அப்ப முன்னாடி ரெண்டு வருஷம் படிச்சது?"

இதை அவர் நினைக்கவே இல்லை. வழியெல்லாம் நாற்பது ஸ்லைடை மட்டும் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். "எங்கேயிருந்து எடுத்தது?" என்று கேட்டுக் கேட்டுப் படித்த நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகள் அந்த அறையின் மரப்பெட்டிகளில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. ஒரு பெண்ணின் இரண்டு வருஷத்தை, நல்ல எண்ணத்தோடு, அன்போடு, தானே தின்றுவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாத்தையும் மறுபடி படிக்கணும். கலர் அழியாது, எல்லாம் பெட்டியிலதான் இருக்கு. ஒம்போது நாள் இருக்கு. நான் எங்கேயிருந்துன்னு சொல்ல மாட்டேன். நீங்க கேக்கவும் கூடாது" என்றாள் அகல்யா. அங்கிள் என்று அவள் சொல்லவில்லை. அதைக் காளிதாஸ் கவனித்தார்.

பெரியநாயகி அக்கா ஒரு நாள் பகல் முழுக்கச் சீட்டு எடுத்தார். பிளாஸ்திரி மூன்று சுருள் தீர்ந்தது. காளிதாஸ் உட்கார்ந்தார். ஒரு ஸ்லைடுக்கு ஒரே நிறம் சொல்லும் வேலை இனிமேல் இல்லை, ஒவ்வொரு ஸ்லைடிலும் நூறு செல்லை எண்ணி ஒவ்வொன்றுக்கும் நிறம் சொல்ல வேண்டும் என்று அகல்யா சொல்லிவிட்டாள். முதல் நாள் பத்து ஸ்லைடு தாண்டவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. வாய்க்குள் அந்தக் கேள்வி வந்து வந்து மோதியது, ஒரு ஹேக்ஸ் மிட்டாயைப் போட்டு அடைத்துவைத்தார்.

ஆனால் மூன்றாம் நாள் வாக்கில் அவர் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரே ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்களில் ஒன்று கருத்தும் ஒன்று வெளுத்தும் இருந்தது. ஒன்றுக்கு ஓரம் மட்டும் நிறம் ஏறியிருந்தது. ஒன்றின் வயிற்றுக்குள் விழுங்கிய தூசி கரும்புள்ளியாகத் தெரிந்தது. இதெல்லாம் இத்தனை வருஷமும் அங்கேயே இருந்ததா? ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். ஒரு செல்லுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் வெகு நேரம் தவித்து, தே ஓவும் இல்லை, பால் டீயும் இல்லை என்று கண்டு, தன் வாழ்நாளில் முதல் முறையாக "ஒண்ணரை" என்றார்.

"என்னா அங்கிள்?" என்றாள் அகல்யா, அடுத்த மேசையிலிருந்து தலையைத் தூக்கி.

"ஒண்ணரைம்மா. சரியாத் தெரியல. ஒண்ணரைன்னு போட்டுக்க."

அவள் எழுதிக்கொண்டாள். காளிதாஸ் மிட்டாயை வேண்டுமென்றே கடித்து நொறுக்கினார், குரல் உடைந்துவிடக் கூடாதே என்று.

எட்டாம் நாள் உறைகளைப் பிரித்தார்கள். கடலை லெக்டினில் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் இருந்தது, பழைய அட்டவணை சொன்னதில் பாதிதான். கோதுமை லெக்டினில் வித்தியாசமே இல்லை. அது முழுக்க முழுக்கக் காளிதாஸின் கைவண்ணம். ஆனால் பழைய அட்டவணையில் இல்லாத ஒன்று புதிதாக வந்து நின்றது. அகல்யா வயிற்றில் எரிச்சல் மருந்து செலுத்தியிருந்த சில எலிகளில், வெளுத்த செல்களுக்கு நடுவே கருத்த செல்கள் ஒரு சின்னக் கூட்டமாக இருந்தன. பழைய குடிகளோடு புதிதாக வந்து சேர்ந்தவையாக இருக்கலாம் என்று அகல்யா எழுதினாள். எல்லாம் ஒரே வயிறு. எங்கேயிருந்து எடுத்தது என்று கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும், இரண்டுக்கும் பால் டீதான் விழுந்திருக்கும்.

ஆய்வேடு ஓர் அத்தியாயம் இளைத்து, கடைசி நாளில் போய்ச் சேர்ந்தது. செய்முறைப் பகுதியில் ஒரு வரி இருந்தது: படித்தவருக்கு மூலம் முன்பே தெரிந்திருந்ததால் முதல் வாசிப்பு விலக்கப்பட்டது. அனுப்புவதற்கு முன் அகல்யா அதைக் காளிதாஸுக்குக் காட்டினாள்.

"என் பேரு போடலையே?"

"இங்க போடல அங்கிள். நன்றி சொல்ற பக்கத்துல போட்டிருக்கேன்."

அவர் யோசித்தார். "இங்கயும் போட்டுரு. வேற யாரையாச்சும் நெனச்சிக்கப் போறாங்க."

இரண்டு மாதம் கழித்து வெளித்தேர்வாளர் வந்தார். டாக்டர் சேகரன் என்று பெயர், நரைத்த மீசைக்காரர். அகல்யா உள்ளே படங்களை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவரைக் கேண்டீனில் உட்காரவைத்து டீ கொடுக்கும் பொறுப்பு காளிதாஸுக்கு வந்தது. வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று பவானேஸ்வரி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். காளிதாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கேட்காமல் பார்த்தார். சேகரனுக்கு இடது காது மந்தம், பேசும்போது வலப் பக்கம் திரும்புகிறார். சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நூலில் தைத்திருக்கிறது, தானே தைத்துக்கொண்டது போலக் கோணல். காளிதாஸ் எழுந்து வலப் பக்க நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். சேகரனின் முகம் தெளிந்தது.

"முதல் ரீடிங்கைத் தள்ளிட்டோம்னு அந்தப் பொண்ணு எழுதியிருக்கே, அந்தக் காளிதாஸ் யாரு?"

"நான்தான் சார். கேட்டுக் கேட்டுப் படிச்சேன். அந்தப் பிள்ளை மேல தப்பில்ல."

சேகரன் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "இப்படி எல்லாரும் எழுதினா, நான் படிச்ச தீசிஸ்ல பாதி நிக்காது" என்றார். அகல்யாவுக்குப் பட்டம் கிடைக்கப் போகிறது என்பது காளிதாஸுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. மனம் நிறைந்துவிட்டது. நிறைந்தது எங்கே வழிந்தது தெரியுமா?

"தப்பா நெனச்சிக்காதீங்க சார்... நீங்க எந்தத் தோட்டம்?"

"நானா? ரெம்பாவ் பக்கம்."

"அதான பார்த்தேன்!" என்றார் காளிதாஸ். காது மந்தமும், கோணல் பொத்தானும், தனியாக உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்த அந்த மனிதரும் அந்த நொடியில் எங்கோ போய்விட்டார்கள். எதிரில் ஒரு ரெம்பாவ்க்காரர் உட்கார்ந்திருந்தார். ரெம்பாவ்க்காரர்கள் நியாயஸ்தர்கள் என்று அன்று சாயங்காலம் ஒரு தீர்ப்பு மெர்லிமாவில் வெளியானது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளைக் காலை பஸ்ஸிலோ பாசாரிலோ உங்களுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்காரத்தான் போகிறார். உங்கள் நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நிற்கத்தான் போகிறது. அதைக் கேட்காமல் அவர் முகத்தை மட்டும் எவ்வளவு நேரம் பார்க்க முடிகிறது என்று கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். கேண்டீன் கடிகாரப்படி காளிதாஸ் தாக்குப்பிடித்தது பதினொரு நிமிடம். இந்த வட்டாரத்தில் இதுவரை அதை யாரும் தாண்டவில்லை. நீங்கள் தாண்டிவிட்டால் இரண்டு வரி எழுதிப் போடுங்கள், உண்மையிலேயே சந்தோஷப்படுவோம். எழுதும்போது, நீங்கள் எந்தத் தோட்டம் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.